ஆளில்லாத நிலமும் ஆளில்லாத படமும்

மைக்கேல் கென்னாவின் குஷ்ஷாரோ ஏரிக்கரைப் படங்களை முன்வைத்து

1

பனிக்கால நிலக்காட்சிப் புகைப்படங்களைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைப் பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, 'என்ன அமைதி, என்ன தூய்மை' என்று உருகுவது. மற்றது, 'மேட்டுக்குடி அழகியல், நமக்கு எதுக்கு இந்தச் சங்கதியெல்லாம்' என்று தள்ளிவிட்டுப் போவது. முன்னது ரசிகர்களுடையது, பின்னது பெரும்பாலும் நம் தோழர்களுடையது. இரண்டு பேருமே படத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. உருகுகிறவர் தன் மனசைப் பார்க்கிறார்; தள்ளுகிறவர் தன் கொள்கையைப் பார்க்கிறார். படம் பாட்டுக்குச் சுவரில் தொங்குகிறது.

அப்படித் தொங்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1953இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மைக்கேல் கென்னா, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், குஷ்ஷாரோ என்ற ஏரியின் கரையில் 2002இல் எடுத்தது. கறுப்பு வெள்ளை. சதுரம். கரையோரத்தில் ஒற்றை மரம். வளைந்த கிளைகள். பின்னால் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத வெளுப்பு. அவ்வளவுதான். இதே மரத்தை அவர் பின்வந்த குளிர்காலங்களிலும் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். பனி நிலப் புகைப்படம் என்றதும் இன்று பல நாட்டுப் புகைப்படக்காரர்களுக்கும் மனசில் வந்து நிற்கும் மாதிரி இதுதான்: பொருள் குறைச்சல், வெள்ளை அதிகம், ஆள் கிடையாது.

படத்துக்குக் கென்னா வைத்திருக்கும் பெயர் வெறும் முகவரி போல இருக்கும்: குஷ்ஷாரோ ஏரி மரம், கொத்தான், ஹொக்கைடோ, ஜப்பான். இதிலே 'கொத்தான்' என்ற சொல்லைப் பார்வையாளர் யாரும் நின்று வாசிப்பதில்லை. இக்கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

2

முதலில் வெள்ளை. பனி வெள்ளையாக இருக்கிறது, எனவே படமும் வெள்ளையாக இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். கேமராவுக்கு இந்த நியாயம் தெரியாது. கேமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி அளவு சொல்லும்படி செய்யப்பட்டது. பனிக்கட்டி படர்ந்த ஏரியைக் காட்டி, அது சொன்னபடி எடுத்தால் அழுக்குச் சாம்பலில் ஒரு வயல்தான் கிடைக்கும். பனியை வெள்ளையாக்க வேண்டும் என்றால் மீட்டர் சொல்வதைவிட ஒன்றோ இரண்டோ ஸ்டாப் கூடுதலாக ஒளியை உள்ளே விட வேண்டும். ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆக வெள்ளை என்பது ஒரு தீர்மானம். இயற்கை கொடுத்தது அல்ல, கை செய்தது.

ஃபிலிமில் எடுக்கிறவர் கென்னா. நெகட்டிவில் பனிதான் எல்லாவற்றிலும் கறுப்பு. வெள்ளி அங்கேதான் கெட்டியாகப் படிந்திருக்கும். அச்சிடும்போது அந்த இடத்தில் ஒளி இறங்குவதில்லை. தாள் தாளாகவே நின்றுவிடுகிறது. நாம் 'எல்லையற்ற வெளி' என்று சொல்லிச் சிலிர்ப்பது, எதுவுமே பதியாமல் விட்ட தாளைப் பார்த்துத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதையும் பதியாமல் விடுவதற்கும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அந்த வேலை முடிந்த பிறகு தன்னை மறைத்துக்கொள்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நேரம். நீண்ட எக்ஸ்போஷர் என்பது கென்னாவின் முத்திரை. இரவுகளில் ஷட்டரைப் பல மணி நேரம் திறந்து வைத்து எடுத்த படங்கள் அவரிடம் உண்டு. ஷட்டர் நிமிஷக்கணக்கில் திறந்திருந்தால் அலை புகையாகிவிடும், மேகம் கோடாகிவிடும். அந்த நேரத்துக்குள் ஒருத்தர் கரையோரமாக நடந்து போனால் அவர் படத்தில் இருக்க மாட்டார். யாரும் அவரைத் துரத்தவில்லை, அழிக்கவில்லை. நிற்காமல் போனதாலேயே அவர் இல்லாமல் போகிறார். குஷ்ஷாரோ மரத்தின் படங்கள் அத்தனையும் இப்படி எடுக்கப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வகைப் புகைப்படத்தின் இலக்கணம் இதுதான்: அசையாதது மட்டுமே இருப்பதாகக் கணக்கு. மரம், கம்பம், வேலி, பாறை. உழைக்கிறவன் அசைகிறவன். அவன் கணக்கில் வரான்.

3

இனி அந்தச் சொல். கொத்தான் ஜப்பானியச் சொல்லே அல்ல. ஐனு மொழியில் ஊர், குடியிருப்பு என்று பொருள். குஷ்ஷாரோவும் ஐனுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஏரிநீர் ஆறாக வெளியேறும் இடத்தைத் 'தொண்டை' என்று அந்த மக்கள் சொன்னதிலிருந்து வந்த பெயர். குஷிரோ ஆறு அங்கிருந்துதான் புறப்படுகிறது. பக்கத்தில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை அடோசானுபுரி. 'அம்மண மலை' என்று அர்த்தம். ஏரியையும் மலையையும் ஓர் உடம்பின் உறுப்புகளாகப் பெயரிட்டு வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். கென்னாவின் மரம் நின்றது அவர்கள் ஊரில். ஊரின் பெயர் தலைப்பில் இருக்கிறது, படத்தில் ஊர் இல்லை.

இந்த நிலம் எப்படி 'வெற்று நில'மாயிற்று என்பதற்கு வரலாறு உண்டு. 1869இல் மெய்ஜி அரசு இந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று புதுப்பெயர் சூட்டித் தன் நிலமாக்கியது. 1877இல் வந்த நிலச்சான்று விதிகள் ஐனுக்கள் குடியிருந்த நிலத்தையும் அரசு நிலத்தோடு சேர்த்துக்கொண்டன. பத்திரம் இல்லாததால் உடைமையாளர் இல்லை. உடைமையாளர் இல்லாததால் யாருமே இல்லை. மான் வேட்டைக்கும் ஆற்றில் சால்மன் பிடிக்கவும் தடைகள் வந்தன. 1897இல் ஒரு சட்டம், குடியேற வரும் ஜப்பானியருக்கு ஆளுக்குப் 15 லட்சம் ட்சுபோ வரை விளைநிலம் கொடுக்க வழி செய்தது. இரண்டே வருஷத்தில், 1899இல், ஐனுக்களைக் 'காக்க' வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு 15,000 ட்சுபோ வரை தந்தது. நூறில் ஒரு பங்கு. அதையும் 15 வருஷத்துக்குள் உழுது பயிர் செய்யாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். வேட்டையாடியும் மீன் பிடித்தும் பிழைத்தவர்களை உழவர் ஆகச் சொல்லி, ஆகாவிட்டால் அபராதம். 'பாதுகாப்பு' என்ற சொல் ஆதிக்கத்தின் வாயில் என்ன பொருள் கொள்ளும் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

குளிர்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரி யுகியே என்ற ஐனுப் பெண், தன் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து மொழிபெயர்த்துவிட்டு, 1922இல் 19 வயதில் இறந்துபோனார். தொகுப்பு மறு வருஷம் வெளிவந்தது. அதன் முன்னுரையில் குளிர்காலம் வருகிறது. அது அமைதியின் காலமாக வரவில்லை; ஆழப்பனியை உதைத்துக்கொண்டு மலைமேல் மலையேறிக் கரடி வேட்டைக்குப் போகிற காலமாக வருகிறது. பனி அங்கே கால் பதிகிற தரை. கென்னாவின் பனி கால் படாத தரை. ஒரே நிலம், ஒரே பருவம்.

ஏரியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் அந்த அம்மண மலைக்கும் போய்ப் பார்ப்போம். அங்கே கந்தகம் கிடைத்தது. தெற்கே ஷிபேச்சாவில் 1885இல் ஒரு பெரிய சிறை திறக்கப்பட்டது. கைதிகளைக் கொண்டுவந்து கந்தகம் வெட்ட வைத்தார்கள். 1887இல் அந்தச் சுரங்கம் யசுதா ஸென்ஜிரோ என்ற வங்கி முதலாளியின் கைக்கு வந்தது. கந்தகத்தைக் கொண்டுபோக ரயில் பாதையும் வந்தது. புகையில் கைதிகளுக்குக் கண் போயிற்று, பலர் செத்தார்கள். சிறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்து 1888இல் கைதிகளை அங்கே அனுப்புவது நின்றது. நின்றது சுரங்கத்தில்தான். 1891இல் அபாஷிரி சிறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை இறக்கிச் சாலை போட்டார்கள். அந்த ஒரு வேலையில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழியோரம் புதைத்தவர்களின் எலும்போடு சங்கிலியும் சேர்ந்து கிடைத்ததால், அந்த மண்மேடுகளுக்குச் 'சங்கிலி மேடு' என்றே பெயர் வந்துவிட்டது. இன்று கேமராப் பையோடு வருகிறவர்களின் கார்கள் கிழக்கு ஹொக்கைடோவில் ஏரிக்கு ஏரி போகிற சாலைகளுக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு.

4

'நிலப்படம் எடுக்கிறவனிடம் வரலாறு கேட்பது என்ன நியாயம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதே ஹொக்கைடோவில் வரலாற்றுக்காகவே எடுக்கப்பட்ட படங்களும் உண்டு. அவை என்ன செய்தன என்று பார்க்கலாம்.

டமோட்டோ கென்ஸோ (1832-1912) ஹகொடாடே துறைமுக நகரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். உறைபனிப் புண்ணால் ஒரு காலை இழந்தவர். காலை எடுத்தது ஒரு ரஷ்ய டாக்டர். அதற்குப் பிறகுதான் புகைப்படத் தொழிலுக்கு வந்தார். குளிர் என்பது அவருக்கு அழகியல் அனுபவம் இல்லை, உடம்பில் விழுந்த வெட்டு. 1871இல் குடியேற்ற ஆணையம் அவரை வேலைக்கு அமர்த்தியது. காடு வெட்டுவது, பாதை போடுவது, கட்டடம் எழும்புவது எல்லாவற்றையும் எடுத்து டோக்கியோவுக்கு அனுப்ப வேண்டும். வேலை நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை; சில விநாடிகளாவது எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே அந்தப் படங்களில் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்களை நிற்க வைத்ததால் இருக்கிறார்கள். அதிகாரம் அவர்களைப் பார்க்க விரும்பிய அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும்.

1968இல் டோக்கியோவில் ஜப்பானியப் புகைப்படக் கலையின் நூறாண்டுகளைக் காட்டும் கண்காட்சி ஒன்று நடந்தது. டமோட்டோவின் படங்கள் தூசி தட்டி வெளியே வந்தது அதில்தான். நகஹிரா டகுமா, டகி கோஜி முதலிய இளம் இடதுசாரி விமர்சகர்கள் அவற்றைக் கண்டு வியந்தார்கள். கலைத்தன்மை பூசாத, எடுத்தவன் பெயர் தேவைப்படாத, வெறும் பதிவு என்று கொண்டாடினார்கள். வியப்பு நேர்மையானதுதான். ஆனால் அந்தப் பதிவு யாருக்காக, யார் நிலத்தின்மேல் எழுதப்பட்டது என்ற கேள்வியைப் பிறகு வந்தவர்கள்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆளைக் காட்டிவிட்டால் அரசியல் வந்துவிடும் என்று நம்புகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டமோட்டோவின் படத்தில் ஆள் இருந்தும் நிலம் காலியாகத்தான் இருந்தது. நிரப்பப்பட வேண்டிய காலி. கென்னாவின் படத்தில் நிரப்புகிறவனும் போய்விட்டான். காலி மட்டும் அழகாக மிஞ்சியிருக்கிறது.

5

இதோடு கென்னாவைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய்விடலாம். நம் சிறுபத்திரிகை மரபில் அதற்குக் கைதட்டும் கிடைக்கும். ஆனால் இந்த ஆள் அவ்வளவு சுலபத்தில் மாட்டுகிறவர் இல்லை. 1980களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 12 வருஷம் இதே கென்னா ஐரோப்பாவில் நாஜி வதைமுகாம்கள் இருந்த இடங்களுக்குப் போய்ப் போய்ப் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பிரெஞ்சு அரசின் புகைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்தார். 2001இல் புத்தகமாகவும் வந்தன. அவற்றிலும் ஆள் இல்லை. முள்கம்பி வேலி, தூண்கள், தண்டவாளம். சதுரச் சட்டகம், கறுப்பு வெள்ளை, அதே நிசப்தம்.

ஆனால் ஆஷ்விட்ஸின் வெறுமையைப் பார்த்து யாரும் 'என்ன அமைதி' என்று சொல்வதில்லை. அங்கே ஆள் இல்லாதது கண்ணில் அறைகிறது. ஏனென்றால் அங்கே யாரைக் கொண்டுவந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். படம் சொல்லாததை நம் அறிவு சொல்கிறது. குஷ்ஷாரோவில் அதே இலக்கணத்தில் எழுதிய வாக்கியத்தை 'இங்கே எப்போதும் யாரும் இருந்ததில்லை' என்று வாசிக்கிறோம். முகாமில் 'இருந்தவர்களை இல்லாமல் செய்துவிட்டார்கள்' என்று வாசிக்கிறோம். ஒரே கை, ஒரே கேமராப் பார்வை. வாசிப்பு மட்டும் தலைகீழ். இரண்டு கொடுமைகளையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமில்லை. வெறுமை என்கிற குறி தன்னளவில் குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை என்பதுதான் விஷயம். இல்லாமை வேறு, இல்லாமல் ஆக்கியது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற வித்தை படத்திடம் இல்லை. அது வாசகரிடம், விமர்சனத்திடம், படத்தின் கீழே இருக்கிற பெயரிடம்தான் இருக்கிறது.

பெயர் என்கிறபோது மறுபடி கொத்தான். கென்னா அதை எழுதியிருக்கிறார். அவரளவில் அது முகவரி மட்டுமே என்றுகூடச் சொல்லலாம். இருந்தாலும் அவர் மறைக்கவில்லை, நாம்தான் வாசிக்கவில்லை. பிரதியின் நோக்கத்தைவிடப் பிரதியில் இருப்பது பெரிது என்று இத்தனை வருஷமாகப் பேசி வந்தவர்கள் நாம்.

6

உறைந்த ஏரியைப் பார்ப்பதற்கு வேறு வழியே கிடையாதா? ஜப்பானிலேயே, தெற்கே, பெருந்தீவில் உள்ள சுவா ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரி முழுக்க உறைந்து, பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் பனித்தகடு விரிந்து சுருங்கி வெடித்து, வரப்பு மாதிரி மேடாக எழும்பும். ஆண் தெய்வம் எதிர்க்கரையில் இருக்கும் தன் பெண் தெய்வத்தைப் பார்க்க நடந்து போன தடம் என்று ஜனங்கள் சொல்வார்கள். கோயில் பூசாரிகளும் ஊர்க்காரர்களும் விடியற்காலையில் போய்ப் பார்த்து எழுதி வைக்கிறார்கள். 1443இலிருந்து ஏடுகள் இருக்கின்றன. இவ்வேட்டின் விசேஷம் என்னவென்றால், ஏரி உறையாத வருஷத்தையும் அதில் எழுதுகிறார்கள். வராததும் ஒரு செய்தி. 2018இல் வரப்பு எழும்பியது; அதையடுத்த பல குளிர்காலங்களில் எழும்பவில்லை; அதுவும் ஏட்டில் இருக்கிறது. பருவநிலை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்றைக்கு இந்த ஏட்டைத் தேடிப் போகிறார்கள். புகைப்படக்காரரோ பனி வராத வருஷத்தில் பெட்டியைத் திறப்பதில்லை. இல்லாததை இல்லாததாகப் பதிவு செய்யும் ஒழுக்கம் ஏட்டுக்கு இருக்கிறது, படத்துக்கு இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் திணை ஞாபகம் வராமல் இருக்காது. முதல், கரு, உரி என்று மூன்றையும் சேர்த்து நிலத்தைச் சொல்வது தொல்காப்பியம். குளிரைப் பாட வந்த நெடுநல்வாடை, கோவலர் கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு பல் நடுங்குவதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் கென்னாவின் படத்தில் இருப்பது முதற்பொருள் மட்டும்: நிலமும் பொழுதும். தெய்வம், தொழில், உணவு, ஊர் என்ற கருப்பொருள் வெட்டுப்பட்டுவிட்டது. பார்க்கிறவன் தன் தனிமையைக் கொண்டுவந்து உரிப்பொருளாக வைத்துக்கொள்கிறான். 'பார்த்தீர்களா, அன்றே நம் தமிழன்...' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது. நம் சட்டகமும் ஆள் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறது.

இன்றும் வெட்டுகிறது. மார்கழி, தை வந்தால் உதகையின் உறைபனிப் படம் நம் தினசரிகளில் தவறாமல் வருகிறது. புல்வெளி வெள்ளை, காரின் மேல் வெள்ளை, ஸ்வெட்டர் போட்ட சுற்றுலாக் குடும்பம். அந்த ஏரி 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது என்பதோ, அந்தப் புல்வெளி தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் என்பதோ, அதே உறைபனியில் கருகிப்போகும் தேயிலைக் கொழுந்துக்கும் அதைக் கிள்ளுகிறவளின் கூலிக்கும் உள்ள சம்பந்தமோ படத்தின் கீழே வருவதில்லை. 'குட்டி காஷ்மீராக மாறிய உதகை' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. காஷ்மீரிலும் ஆள் இல்லை என்பது போல.

கென்னாவின் அந்த மரம் 2009இல் வெட்டப்பட்டுவிட்டது. ஹொக்கைடோவிலேயே பியெய் என்ற ஊரின் வயலில் நின்ற 'தத்துவ மரம்' புகைப்படக்காரர்களிடையே பிரபலம். படமெடுக்க வருகிறவர்கள் வயலுக்குள் இறங்கிப் பயிரை மிதிப்பது ஓயாததால், 2016இல் நிலத்துக்காரரே அதை வெட்டிச் சாய்த்தார். மரம் ஏற்கெனவே நோய்ப்பட்டும் இருந்தது. மரங்களுக்காக உலகம் பூராவும் ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படலாம், தப்பில்லை. ஆனால் 2020இல் ஹொக்கைடோவின் உரஹொரோவைச் சேர்ந்த ராபோரோ ஐனுக்கள், தங்கள் ஆற்றில் சால்மன் பிடிப்பது தங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். 2019இலேயே ஐனுக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. இருந்தும் 2024 ஏப்ரலில் சப்போரோ நீதிமன்றம் அவர்கள் கேட்டதைத் தள்ளியது. வெட்டுப்பட்ட மரங்களின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வழக்கு தெரியும்?

எனவே நிலப்படக்காரர்களிடம் ஆளை உள்ளே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கோஷம் போட வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த ஆள் என்ன ஆவார் என்று டமோட்டோவில் பார்த்தாயிற்று. வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். நாம் கேட்க வேண்டியது, வெள்ளைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதை. ஒரு சொல் போதும், கேட்கத் தொடங்கலாம். கொத்தான் என்றால் ஊர்.